சேற்றில் டிரையத்லான்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஏழு ஆண்டுகளாகக் காட்டுப்பாதை டிரையத்லான்களில் கலந்துகொள்கிறேன். ஒன்றில்கூடப் பரிசு மேடை ஏறியதில்லை. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் முடித்திருக்கிறேன். இங்கே மழை பெய்யாத பந்தய நாள் அபூர்வம். அதனால் லண்டனிலும் டொராண்டோவிலும் மதுரையிலும் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் என்னைக் கேட்பதெல்லாம் சேற்றைப் பற்றித்தான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு எழுதி விரல் ஓய்ந்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அக்கா, டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம். அதில் காட்டுப்பாதை என்று தனியாக என்ன இருக்கிறது?"

மூன்றும் அதே மூன்றுதான். ஆனால் சைக்கிள் தார்ச்சாலையை விட்டு மலைப்பாதையில் ஏறிவிடும்; ஓட்டமும் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடக்கும். பொதுவான முழு அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டரை ஒட்டிய மலைச் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதில் பாதியளவுப் பந்தயங்களும் உண்டு. முதல்முறை வருகிறவர்கள் அந்தப் பாதியில் தொடங்குவது நல்லது.

இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது எக்ஸ்டெரா என்ற பந்தயத் தொடர். 1996இல் ஹவாயின் மௌயி தீவில் அக்வாடெர்ரா என்ற பெயரில் தொடங்கியது. முதல் பந்தயத்தில் ஆண்களில் ஜிம்மி ரிச்சிடெல்லோவும் பெண்களில் மிஷெலி ஜோன்ஸும் வென்றார்கள். அதன் உலகப் போட்டி நெடுங்காலம் மௌயியிலேயே நடந்து, 2022இல் இத்தாலியின் மோல்வேனோ ஏரிக்கரைக்குப் போனது. உலக டிரையத்லான் அமைப்பு இதையே கிராஸ் டிரையத்லான் என்ற பெயரில் 2011 முதல் தனி உலகப் போட்டியாக நடத்துகிறது.

"நீச்சலில் நான் ரொம்பச் சுமார். சாலைப் பந்தயத்திலேயே கடைசியில்தான் கரையேறுவேன். எனக்கு இது ஒத்துவருமா?"

சாலைப் பந்தயத்தைவிட நன்றாகவே ஒத்துவரும். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் சைக்கிளிலேயே போய்விடுகிறது. சேறு இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். நீச்சலில் மூன்று நிமிடம் பின்தங்கினால், ஒரு வழுக்குச் சரிவில் மற்றவர்கள் தயங்கி நிற்கும்போது அதைப் பிடித்துவிடலாம்.

ஸ்காட்லாந்தின் லெஸ்லி பேட்டர்சனுக்கும் நீச்சல்தான் பலவீனம். அவர் 2011, 2012, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளில் எக்ஸ்டெரா உலகப் பட்டம் வென்றார். இன்னொரு பக்கம் திரைக்கதை எழுதி பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதும் வாங்கியவர். மழையில் வளர்ந்த உடம்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். அறிவியல் ஆதாரம் கேட்காதீர்கள்.

"மழை பெய்தால் ரத்து செய்துவிடுவார்கள்தானே?"

மாட்டார்கள். இடி மின்னல், நீர்மட்ட உயர்வு, ஏரியின் மேல் அடர்ந்த மூடுபனி ஆகியவற்றுக்காக நீச்சலைக் குறைப்பார்கள், அல்லது நீக்கிவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று மாற்றுவார்கள். ஆபத்தான ஒரு சரிவைப் பாதையிலிருந்து வெட்டிவிடுவதும் உண்டு. வெறும் சேற்றுக்காக யாரும் கடையைச் சாத்துவதில்லை.

"சேறு என்றால் சேறுதானே, அதில் என்ன வகை?"

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மீதிக் கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை இதில் இருக்கிறது. களிமண் கலந்த நிலத்தில் நீரின் அளவைப் பொறுத்துச் சேற்றின் குணம் தலைகீழாக மாறும். நிறைய நீர் இருந்தால் அது தோசை மாவு: தெறிக்கும், வழியும், டயரில் தங்காது. நீர் பாதி வற்றினால் சப்பாத்தி மாவு: கையில் எப்படி ஒட்டுமோ அப்படியே டயரிலும் ஷூவிலும் உருண்டை உருண்டையாக ஒட்டும். மூன்றாவது, இறுகிய தரையின் மேலோ பாறையின் மேலோ வேரின் மேலோ மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருப்பது. அதை நான் எண்ணெய்த் தட்டு என்பேன். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். அதிகம் பேரைக் கீழே தள்ளுவது அதுதான்.

ஆகவே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பயப்படாதீர்கள். மழை நின்று இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் பயப்படுங்கள். மௌயியின் கபாலுவாவில் எரிமலைச் செம்மண் இருக்கிறது. அது நனைந்து காயத் தொடங்கும் நேரத்தில் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வயலில் இறங்கியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தண்ணீர் நிற்கும் வயலில் காலை இழுத்து எடுத்துவிடலாம்; நீர் வடிந்த வயல் செருப்பையே விழுங்கிவிடும்.

பந்தயத்துக்கு முதல் நாள் பாதையைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்றில் எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வானிலையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் பாதித் திட்டம் தயார்.

"என்னிடம் இருக்கும் சைக்கிளே போதுமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா?"

முன்பக்கம் சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் உள்ள சாதாரண மலைச் சைக்கிள் போதும். விலையைவிட முக்கியமானது டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சப்பாத்தி மாவுச் சேற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முப்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளும் மூன்று லட்சச் சைக்கிளும் அப்போது ஒரே எடையுள்ள சுமைதான்.

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் இருந்தால் சேற்றுப் பந்தயத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளில் வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அனுமதி பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். அனுமதித்தாலும் ஈர வேர்களின் மேல் அந்த ஒல்லி டயருடன் மன்றாட நான் தயாரில்லை.

"டயர் மாற்றணுமா, காற்றைக் குறைத்தால் போதாதா என்று கணவர் கேட்கச் சொன்னார்."

முதலில் காற்றைக் குறையுங்கள், அதற்குச் செலவில்லை. என் எடை 58 கிலோ, டயர் டியூப் இல்லாத 2.25 அங்குலம். வறண்ட நாளில் 22 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்த அளவு) வைப்பேன், ஈரத்தில் 18 அல்லது 19. உங்கள் கணவரின் எடை கூடுதலாக இருந்தால் எண்ணும் கூடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கிப் பார்த்து, கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒன்று ஏற்றிக்கொள்ளுங்கள். டியூப் உள்ள டயரில் இவ்வளவு இறக்கினால் டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைத் துளை விழும். அங்கே துணிச்சல் வேண்டாம்.

டயர் மாற்றுவதானால் முன் சக்கரத்தை மட்டும் மாற்றினாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் தரைதான். சேற்று டயரில் குமிழ்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்கும்; விலகி இருப்பதால்தான் சுழலும்போது சேறு உதிர்கிறது. டயர் அகலமாக இருந்தால் நல்லது என்ற பொதுவிதி இங்கே தடுமாறும். ஆழமான தோசை மாவில் கொஞ்சம் ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொடும்.

"பிரேக் பிடிக்கவே இல்லை, கடையில் காட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?"

நான் முடிக்காமல் விட்ட அந்த ஒரே பந்தயத்தின் கதை இதுதான். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கடையில் சைக்கிளைப் பராமரிப்புக்கு விட்டேன். பிரேக் கட்டை புதிதாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள்; நானும் எதுவும் கேட்கவில்லை. போட்டிருந்தது ரெசின் கலவைக் கட்டை, அதாவது பிசினால் பிணைத்த மென்மையான வகை. மணலும் களியும் கலந்த ஈரத்தில் 17 கிலோமீட்டர் வந்தபோது கைப்பிடி வரை பிரேக் அழுந்தியது, சைக்கிள் நிற்கவில்லை. கீழே பார்த்தால் கட்டை தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. புதுக் கட்டை, ஒரே காலை!

ஈரச் சேற்றுக்கு உலோகத் துகள் கலந்து சுட்ட கட்டை வேண்டும். சின்டர்டு என்று கேட்டால் தருவார்கள். சத்தம் போடும், ஆனால் தேய்மானம் மிகக் குறைவு. உங்கள் டிஸ்கில் ரெசின் கட்டை மட்டும் என்று பொறித்திருந்தால் டிஸ்கையும் மாற்ற வேண்டியிருக்கும். எதைப் போட்டாலும் பந்தயத்துக்கு முன் ஒரு சரிவில் பத்து இருபது முறை வேகத்திலிருந்து மெதுவாக அழுத்திப் பழக்குங்கள். பழகாத கட்டை ஈரத்தில் பிடிக்காது. கடைக்காரர் காய்ந்த தரையில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதன் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

"செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?"

மதுரையிலிருந்து வந்த கேள்வி. சிரிக்கவில்லை, பதில் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வேல்ஸில் கோடையில்கூடப் பல காலைகளில் அது வெண்ணெயாகத்தான் இருக்கும். ஈரத்துக்கென்று விற்கும் கெட்டியான செயின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே மிஞ்சும் எண்ணெய் மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

"பெடலில் ஷூ பூட்டிக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. இறங்கி ஏறினால் முடிந்தது கதை."

ஷூவின் அடியில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டு இருக்கும் குழிக்குள் சேறு கெட்டித்துவிடுகிறது. ஏறுவதற்கு முன் ஷூவைப் பெடலின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். காலையில் சிலிக்கோன் தெளிப்பானைப் பெடலிலும் ஷூவின் உலோகத் துண்டிலும் அடித்து வைத்தால் முதல் ஒரு மணி நேரம் நிம்மதி. டிஸ்க் பக்கம் மட்டும் படக்கூடாது. நான்கு பக்கமும் திறந்த, முட்டை அடிக்கும் கருவி போன்ற வடிவுள்ள பெடல்களில் சேறு குறைவாகத் தங்கும்.

பாதையில் அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் தட்டையான பெடலும் பிடிமானமுள்ள ஷூவும் போட்டு வருவதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஓட்டத்துக்கும் அதே ஷூ என்று வைத்துக்கொண்டால் டிரான்சிஷனில், அதாவது ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், ஒரு நிமிடம் மிச்சம்.

"ஈர வேரில் ஒவ்வொரு முறையும் விழுகிறேன். எல்லோரும் போகிறார்கள், நான் மட்டும் ஏன்?"

வேரைப் பார்த்ததும் பிரேக்கைத் தொடுகிறீர்கள், அதுதான் காரணம். வேர் என்பது எண்ணெய்த் தட்டு. அதன்மேல் சக்கரம் இருக்கும் அந்த நொடியில் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், அழுத்தி மிதிப்பதும் வேண்டாம். வேகத்தை முன்பே குறைத்துவிட்டு, வேரைக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சரிவாகக் கிடக்கும் வேரைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் அதன் நீளத்தில் சறுக்கிக்கொண்டு போகும்.

உடம்பைத் தளர்வாக வையுங்கள். பெடலில் நின்று, முழங்கையை மடக்கி, கண்ணை ஆறேழு மீட்டர் முன்னால் வையுங்கள். சைக்கிள் கொஞ்சம் ஆடும். ஆடட்டும். ஆட்டத்தை அடக்கக் கையை இறுக்குகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

"சேற்று ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

முந்திப் போகிறாள் என்று நினைப்பார்கள். செங்குத்தான சேற்று ஏற்றத்தில் மிதிக்கிறவரின் வேகமும் நடக்கிறவரின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிதிக்கிறவரின் இதயம் மட்டும் தொண்டைக்கு வந்திருக்கும். பின் சக்கரம் இரண்டாவது முறை சுழன்று நழுவியதுமே இறங்கிவிடுவேன். பாதி ஏற்றத்தில் விழுந்து இறங்குவதைவிடக் கீழேயே இறங்குவது மேல்.

தள்ளும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சப்பாத்தி மாவில் சைக்கிளை உருட்டக் கூடாது. உருட்ட உருட்டப் பனிப்பந்து போலச் சேறு சேரும். இரண்டு மூன்று கிலோ கூடியபின் தூக்கவும் முடியாது. தொடக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள். சேற்றுப் பந்தயத்தில் நேரம் கரைவது மெதுவாகப் போவதால் அல்ல, நிற்பதால்தான். சக்கரத்தைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு ஓரத்தில் நின்ற நாலைந்து நிமிடத்தை எந்த இறக்கத்திலும் திருப்பி எடுக்க முடியாது.

"பக்கத்தில் புல் இருக்கிறதே, சேற்றைச் சுற்றிப் போனால் தப்பா?"

புல்லில் உருண்டால் டயரிலுள்ள சேறு துடைபடும் என்பது உண்மை; பாதையின் எல்லைக்குள் இருக்கும் புல்லில் தாராளமாகப் போகலாம். எல்லை நாடாவைத் தாண்டினால் தண்டனை. நாடாவே இல்லாத இடத்தில் பயிற்சி செய்யும்போதுகூடச் சுற்றிப் போகாதீர்கள். ஒவ்வொருவரும் ஓர் அடி விலகிப் போனால் ஒற்றையடிப் பாதை ஒரு பருவத்தில் மாட்டுவண்டிப் பாதையாகிவிடும், அடுத்த ஆண்டு நிலத்துக்காரர் அனுமதி தர மாட்டார். குட்டையின் நடுவில் போவதே பெரும்பாலும் சரி. பலமுறை சக்கரங்கள் அழுத்திய நடுப்பகுதியின் அடித்தரை கெட்டியாக இருக்கும்.

"கண்ணாடி போட்டால் சேறு மூடுகிறது, கழற்றினால் கண்ணில் விழுகிறது."

நிறமில்லாத கண்ணாடி, ஹெல்மெட்டின் கீழே விளிம்பு நீண்ட மெல்லிய தொப்பி. முன் சக்கரத்துக்கு மேல் கட்டும் சிறிய பிளாஸ்டிக் மட்கார்டு ஒன்றும் வாங்குங்கள். இந்த விளையாட்டில் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பயன் தரும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை. முடிவில் கண்ணாடி மூடித்தான் போகும். அப்போது கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

"முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று மறையுமே?"

கிராஸ் டிரையத்லானில் அதற்குத் தடையில்லை. ஆனால் காட்டுப்பாதை வேகத்தில் காற்றால் மிச்சமாவது கொஞ்சம், முகத்தில் வாங்குவது நிறைய. அகலமான வண்டிப்பாதையில் மட்டும் ஒட்டுங்கள், அதுவும் நேர் பின்னால் இல்லாமல் ஓரமாக.

"டிரான்சிஷனில் என் பொருள்கள் எல்லாம் நனைந்து மிதந்தன. நீங்கள் எப்படி வைப்பீர்கள்?"

மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா அனுமதித்தால் அது. இல்லையென்றால் இரண்டு குப்பைப் பைகள். ஓட்ட ஷூவுக்குள் காலுறையைச் சுருட்டி வைத்து, ஒரு பைக்குள் போட்டு, வாயைக் கீழ்ப்பக்கமாக மடித்து வைப்பேன். காலுறையை முன்பே கட்டைவிரல் பக்கம் சுருட்டி வைத்தால் ஈரக் காலில் ஏறும். ஒரு லிட்டர் வெந்நீர்க் குடுவையும் வைப்பேன். காலைக் கழுவ வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் மனம் எப்படி மாறுகிறது என்று அனுபவித்தால்தான் தெரியும்.

நீச்சலில் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டைக் கழற்றும்போது இன்னொரு பையின் மேல் நின்று கழற்றுங்கள். உலக டிரையத்லான் விதியில் 1500 மீட்டர் வரையான நீச்சலுக்கு நீர் 22 டிகிரியைத் தொட்டால் தொழில்முறை அல்லாத வயதுப்பிரிவுக்காரர்கள் வெட்சூட் போட முடியாது. வேல்ஸின் ஏரிகளில் அந்தக் கவலை எனக்கு வந்ததில்லை. அவசரத்திலும் மறக்கக் கூடாதது: ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். விரல் மரத்துப்போன நாளில் அந்தக் கொக்கி என்னைக் கெஞ்ச வைத்திருக்கிறது.

"குளிருக்கு என்ன போடுவது? வேர்க்கும் என்று பயமாக இருக்கிறது."

வேர்வையால் யாரும் பந்தயத்தை விட்டதாக நான் பார்த்ததில்லை, நடுக்கத்தால் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்த உடம்போடு சைக்கிள் ஏறும் முதல் பதினைந்து நிமிடம்தான் மோசம். நீர் 16 டிகிரிக்குக் கீழும் மழையும் என்றால், காற்றுத் தடுக்கும் மெல்லிய கையில்லாச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த கையில் கையுறை ஏறாது. கொஞ்சம் பெரிய அளவில் வாங்கி, விரல்களை விரித்து வையுங்கள்.

நடுக்கம் நின்றுவிட்டு, பேச்சு குழறி, எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பம் வந்தால் அது உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கியதன் அறிகுறி. உங்களுக்கே அது தெரியாது. வேறு யாரிடமாவது பார்த்தால் நின்று ஆள் கூப்பிடுங்கள்.

"ஓட்டத்துக்கு எந்த ஷூ? என் பழைய சாலை ஷூவில் சமாளிக்கலாமா?"

சமாளிக்க முடியாது. அடியில் 6 முதல் 8 மில்லிமீட்டர் உயரக் குமிழ்கள் உள்ள, மெத்தை குறைந்த, தண்ணீர் வடியும் துணியாலான ஷூ வேண்டும். நீர்புகா ஷூ என்று விற்பதை வாங்காதீர்கள். கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

டிரையத்லான்காரர்கள் விரும்பும் ரப்பர் ஷூ கயிறு இங்கே துரோகம் செய்யும். சேறு ஷூவை உறிஞ்சும்போது அது நீண்டு கொடுத்து, கால் மட்டும் தனியாக வந்துவிடும். சாதாரணக் கயிறை இரட்டை முடிச்சுப் போடுங்கள், பத்து நொடி போனால் போகட்டும். கணுக்காலில் கட்டும் நேரக் கருவியின் பட்டையும் சேற்றில் கழன்றுவிடும். அதன்மேல் ஓர் ஊக்கு குத்துவேன். அடி எடுத்து வைப்பது குட்டையாகவும் வேகமாகவும் இருக்கட்டும். நீண்ட அடி சறுக்கும்.

"நடுவில் செயின் அறுந்துவிட்டது. நண்பர் ஓரத்தில் நின்றார், அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு போகலாமா?"

கூடாது, வெளியார் உதவி தண்டனைக்குரியது. ஆனால் உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ சுமந்துகொண்டோ முன்னேறலாம், சைக்கிளை விட்டுவிட்டு மட்டும் முன்னேற முடியாது. செயின் இணைப்புத் துண்டு ஒன்றும் கண்ணி கழற்றும் சிறு கருவியும் சேர்ந்தாலும் அதிக எடையில்லை, எடுத்து வாருங்கள். சுருக்கமாகச் சொன்னால், சேற்றில் செயின் அறுவது பெரும்பாலும் அழுத்தி மிதிக்கும்போதே கியர் மாற்றுவதால். ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

"சேறு வாய்க்குள் போகிறது. நோய் வருமா, இல்லை அம்மா சும்மா பயப்படுகிறாரா?"

அம்மா சொல்வது சரி. 2008 ஜூலையில் இங்கே வேல்ஸில், பில்த் வெல்ஸ் ஊரில் நடந்த மலைச் சைக்கிள் பந்தயத்தில் மழையால் பாதை சேறானது. அது ஆடு மேயும் நிலம். பிறகு விசாரித்தபோது பதிலளித்த 347 பேரில் 161 பேருக்கு வயிற்றுக்கோளாறு. காரணம் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா. முகத்தில் தெறித்த சேறு வாய்க்குள் போனதுதான் முக்கிய வழி என்று கண்டார்கள்.

அதைவிடத் தீவிரமானது நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ். வயலில் இறங்குகிறவர்களின் நோயாகத்தான் நமக்கு அதைத் தெரியும். டிரையத்லான்காரர்களையும் அது விடவில்லை. 1998இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பின் பலர் படுத்தார்கள். 2000இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்துக்குப் பின்னும் இதே கதை. அங்கே செகாமா ஆற்றில் நீந்தியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கனமழை விலங்குகளின் சிறுநீரை ஆற்றுக்கும் ஏரிக்கும் அடித்துக்கொண்டு வருகிறது; கிருமி கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் நுழைகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. தண்ணீர் பாட்டிலின் வாயை மூடும் வகையாக வாங்குங்கள், அல்லது முதுகுப்பையில் தண்ணீர் வையுங்கள். சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லின் உறையைப் பல்லால் கிழிக்காமல், காலையிலேயே பாதி கிழித்துச் சட்டைக்குள் வையுங்கள். காயத்தை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். முன் மட்கார்டைப் பற்றி மேலே கண்ணாடிக் கேள்வியில் சொன்னது இங்கேயும் பொருந்தும். வயிற்றுக்கோளாறு சில நாட்களில் தெரிந்துவிடும், எலிக்காய்ச்சல் ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்தும் வரலாம். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஏரியிலும் சேற்றிலும் இருந்தேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார்.

"நான் துபாயில் இருக்கிறேன். சேற்றுக்கு எங்கே போவது, எப்படிப் பயிற்சி செய்வது?"

மணல் இருக்கிறதே! தளர்ந்த மணலில் சைக்கிள் ஓட்டுவது ஆழமான தோசை மாவுக்கு மிக நெருக்கம். எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியைத் திருப்பாமல், சீராக மிதிக்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்று. சைக்கிளைத் தோளில் தூக்கி நூறு மீட்டர் ஓடுவதை எங்கும் பழகலாம்.

எண்ணெய்த் தட்டைப் பழக மட்டும் ஈரம் வேண்டும். தோட்டக் குழாயால் ஒரு புல்தரையை நனைத்து, மெதுவான வேகத்தில் வட்டமடியுங்கள். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"முடித்த பிறகு அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டால் வேலை முடிந்தது, சரியா?"

அழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் நேராக அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி மணல் குடியேறும். தூரத்திலிருந்து, மேலிருந்து கீழாக, பிறகு வாளியும் தூரிகையும். அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நாளைக்கு என்றால் துரு உங்களுக்கு முன் எழுந்துவிடும்.

வேறு நாட்டுக்குப் போய்ப் போட்டியிடுகிறவர்கள் ஷூவையும் டயரையும் கிளம்பும் முன்பே சுத்தமாகக் கழுவ வேண்டும். நியூசிலாந்தில் கௌரி மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமியும் ஹவாயில் ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சையும் ஷூவில் ஒட்டும் மண்ணோடு பயணம் செய்கின்றன.

"துணியில் உள்ள சேற்றுக் கறை போகவே மாட்டேன் என்கிறது."

வெந்நீரில் போட்டிருப்பீர்கள். முதலில் வெளியே தொங்கவிட்டு, குழாய்த் தண்ணீரால் அலசி, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அதன்பிறகு சலவை இயந்திரத்தில் போடுங்கள். வெள்ளை உடை வாங்காதீர்கள். நான் முதல் பந்தயத்துணியை அப்படியே இயந்திரத்துக்குள் திணித்தேன். வடிகட்டியைத் திறந்தபோது ஒரு கைப்பிடி வேல்ஸும் ஒரு முழு மண்புழுவும் இருந்தன; வீட்டில் அந்தப் பேச்சை இன்னும் எடுப்பதில்லை.